எத்தனை கேமரா என்று கேட்காதீர்கள் அண்ணாச்சி, எத்தனை நாள் என்று கேளுங்கள்

தாராவி 90 அடி ரோட்டில் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நடந்து பாருங்கள். நகைக்கடை, மளிகைக்கடை, தோல்பை ஷோரூம், மொபைல் ரிப்பேர் என்று எல்லாக் கடையிலும் ஒரு வெள்ளைக் குமிழ் தொங்கும். பக்கத்திலேயே எலுமிச்சம்பழமும் ஏழு பச்சை மிளகாயும் தொங்கும். இரண்டும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன என்பது என் கட்சி. அதாவது, கண் திருஷ்டிக்கு.

கோபம் வேண்டாம். விளக்கமாகச் சொல்கிறேன்.

நான் கம்ப்யூட்டர் இன்ஜினியர் இல்லை. பி.காம். படித்துவிட்டு வங்கியில் சேர்ந்தவன். கேஷ் கிரெடிட் வாங்கிய கடைகளுக்கும் பட்டறைகளுக்கும் ஸ்டாக் பார்க்கப் போவது என் வேலையில் ஒரு பகுதி. மாட்டுங்காவில் பாத்திரக்கடை, செம்பூரில் சூப்பர் மார்க்கெட், தாராவியில் ரெடிமேட் பட்டறை என்று போகிற இடத்தில் எல்லாம் ஸ்டாக் புத்தகத்தோடு இன்னொன்றையும் கேட்பேன். "கேமரா இருக்கா?" உடனே முகம் மலரும். "எட்டு கேமரா சார், ஃபுல் எச்.டி., மொபைல்லயே பார்க்கலாம்." "எத்தனை நாள் பதிவு இருக்கும்?" என்று அடுத்த கேள்வி. அங்கேதான் அமைதி. "அது... இருக்கும் சார், ஒரு மாசம் இருக்கும்" என்பார்கள். "கொஞ்சம் காட்டுங்களேன்" என்று உட்கார்ந்தால் பெரும்பாலும் ஐந்து நாள், ஆறு நாள். ஒரு இடத்தில் ஹார்ட் டிஸ்க் செத்து மூன்று மாதம் ஆகியிருந்தது. நேரடிப் படம் மட்டும் ஜோராக ஓடிக்கொண்டிருந்தது. முதலாளி தினமும் அதை ஊரிலிருந்து மொபைலில் பார்த்து ரசித்துக்கொண்டிருந்தார் :-)

நம் ஆட்கள் பைசா பைசாவாகக் கணக்குப் பார்க்கிறவர்கள். வத்தல் மூட்டையில் அரைக்கிலோ குறைந்தால் தூங்க மாட்டார்கள். அப்படிப்பட்டவர்கள் இந்த ஒரு சாமானை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு வாங்குகிறார்கள். வாங்குவது கேமரா என்று நினைக்கிறார்கள். இல்லை ஐயா. நீங்கள் வாங்குவது ஞாபகம். கேமரா வெறும் கண். கண் பார்த்ததை வைத்துக்கொள்ளும் பெட்டி எது, எவ்வளவு கொள்ளும், சாவி யாரிடம் என்பதுதான் வியாபாரமே.

இதைக் கணக்குப் பாடமாக மட்டும் சொன்னால் யாருக்கும் உறைக்காது. ஆகவே ஊர்க்கதைக்குப் போவோம்.

சாத்தான்குளம். தாராவியிலும் செம்பூரிலும் இருக்கிற நம்மவர்களில் பாதிப் பேருக்கு அங்கிருந்து பஸ் தூரத்தில்தான் சொந்த ஊர். 2020 ஜூன் 19, ஊரடங்கு நேரம். மொபைல் கடை நடத்திய பென்னிக்ஸின் அப்பா ஜெயராஜை, கடையை நேரம் தாண்டித் திறந்து வைத்திருந்ததாகச் சொல்லிப் போலீஸ் கூட்டிப்போனது. கேட்கப்போன மகனும் உள்ளே. மறுநாள் ரிமாண்ட், கோவில்பட்டி கிளைச் சிறை. 22ஆம் தேதி இரவு மகன் இறந்தார். 23ஆம் தேதி விடிவதற்குள் அப்பாவும். இதெல்லாம் உங்களுக்குத் தெரியும். இந்தப் பதிவுக்கு வேண்டியது அந்த ஊரில் இருந்த இரண்டு ரெக்கார்டர்களின் கதை.

ஒன்று, கடைத்தெருவில் பக்கத்துக் கடைக்காரரின் ரெக்கார்டர். எஃப்.ஐ.ஆரில் கடை முன்னால் கூட்டம், வாக்குவாதம், தரையில் உருண்டு புரண்டார்கள், அதில் ஊமைக்காயம் என்றெல்லாம் எழுதியிருந்தது. அந்தக் கேமராவில் உருளவும் இல்லை, புரளவும் இல்லை. ஜெயராஜ் பேசுகிறார், போலீசோடு நடந்து போகிறார். அவ்வளவுதான். ஒரு சாதாரணக் கடையின் பெட்டி, ஒரு எஃப்.ஐ.ஆரைப் பொய்யாக்கியது. ஏன் முடிந்தது? அந்தப் படம் அழியாமல் இருந்ததால்.

இரண்டாவது, காவல் நிலையத்தின் சொந்த ரெக்கார்டர். மதுரைக் கிளை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. கோவில்பட்டி நீதித்துறை நடுவர் எம்.எஸ்.பாரதிதாசன் ஜூன் 28ஆம் தேதி நிலையத்துக்கே விசாரிக்கப் போனார். அங்கே ஹார்ட் டிஸ்க் 1 டிபி. இடம் போதுமான அளவு இருந்தும், அன்றன்றைய பதிவு தானாக அழிந்துபோகும்படி செட்டிங் வைத்திருந்தார்கள் என்று அவர் அறிக்கை கொடுத்தார். 19ஆம் தேதி ராத்திரி அங்கே நடந்ததற்குப் படம் இல்லை. அங்கே பணியில் இருந்த பெண் தலைமைக் காவலர் ஒருவர் பயத்தை விழுங்கிக்கொண்டு சாட்சி சொன்னதால்தான் உள்ளே நடந்தது வெளியே வந்தது. பெட்டி வாயை மூடிக்கொண்டது, மனுஷி வாயைத் திறந்தார்.

நான் பி.காம். ஆச்சே, கணக்குப் போடாமல் இருக்க முடியவில்லை. 4 கேமரா, ஒவ்வொன்றும் விநாடிக்கு 2 மெகாபிட் என்று வைத்துக்கொண்டால் 1 டிபியில் 11 நாள் நிற்கும். 19க்கும் 28க்கும் நடுவில் 9 நாள். கேமரா கூடுதலாக இருந்தால் நாள் குறையும் என்பது உண்மை. ஆனால் ஒரு நாளில் அழி என்று சொல்ல அந்த டிஸ்க் கெஞ்சவில்லை. அதை யாரோ ஒரு மனிதர் மெனுவுக்குள் போய்த் தேர்ந்தெடுத்தாக வேண்டும்.

அதே ஆண்டு டிசம்பர் 2ஆம் தேதி, பரம்வீர் சிங் சைனி வழக்கில் உச்ச நீதிமன்றம் நாட்டின் எல்லாக் காவல் நிலையங்களிலும் கேமரா வைக்கச் சொன்னது. எத்தனை கேமரா என்று சொல்லிவிட்டு விடவில்லை, கவனியுங்கள். ஒலியும் ஒளியும் வேண்டும், இருட்டிலும் தெரிய வேண்டும், பதிவு 18 மாதம் இருக்க வேண்டும். அவ்வளவு கொள்ளும் கருவி சந்தையில் கிடைக்காவிட்டால் கிடைப்பதிலேயே அதிகமானது வாங்க வேண்டும், எப்படியும் ஒரு வருடத்துக்குக் குறையக்கூடாது. நீதிபதிகளுக்குத் தெரிந்திருக்கிறது விஷயம் எங்கே ஒளிந்திருக்கிறது என்று. 10 கேமராவுக்கு 18 மாதம் என்றால், மேலே சொன்ன கணக்கில் சுமார் 116 டிபி. அதைச் செய்தார்களா? 2025 செப்டம்பரில் ராஜஸ்தான் காவல் மரணங்களைப் பற்றிய பத்திரிகைச் செய்தியைப் பார்த்து, கேமராக்கள் வேலை செய்யாததைப் பற்றி அதே உச்ச நீதிமன்றம் மறுபடி தானாகவே வழக்கு எடுக்க வேண்டியிருந்தது. என்னத்தைச் சொல்ல.

நிற்க. அரசாங்கம் செய்யாததைப் பற்றித் திட்டுவது சுலபம். நம் கடையில் நாம் என்ன செய்து வைத்திருக்கிறோம்?

இந்த ஒரு கணக்கை மட்டும் காலண்டர் பின்னால் எழுதி வையுங்கள். விநாடிக்கு 1 மெகாபிட் ஓடும் கேமரா ஒரு நாளைக்கு 10.8 ஜிபி சாப்பிடும். 86,400 விநாடியை எட்டால் வகுத்தால் வருவது, மந்திரம் ஒன்றும் இல்லை. 2 மெகாபிட் என்றால் 21.6 ஜிபி. 4 கேமராவுக்கு நாளைக்கு 86.4 ஜிபி. 30 நாளுக்குச் சுமார் 2.6 டிபி. 8 கேமரா என்றால் 5.2 டிபி. இப்போது "8 கேமரா, ரெக்கார்டர், 1 டிபி ஹார்ட் டிஸ்க், ஃபிட்டிங் சேர்த்து பேக்கேஜ்" என்று உங்களிடம் விற்றவரை நினைத்துப் பாருங்கள். அந்தப் பேக்கேஜின் ஞாபக சக்தி ஆறு நாள் கூட இல்லை. திங்கள் போன பொருளை அடுத்த ஞாயிறு தேடினால் கிடையாது.

"இல்ல சார், எச்.265 போட்டிருக்கோம், பாதிதான் எடுக்கும்" என்பார். எச்.265 நல்ல விஷயம்தான், பழைய எச்.264-ஐ விட ஏறக்குறைய பாதி இடத்தில் அதே தரம் கிடைக்கும். கேட்டு வாங்குங்கள். ஆனால் கேமரா, ரெக்கார்டர் இரண்டுமே அதைப் பேச வேண்டும். ஒன்று பேசி ஒன்று பேசாவிட்டால் பழையதில்தான் ஓடும். அடுத்த ஜாலம், "அசைவு இருந்தா மட்டும் பதிவு". ராத்திரி பூட்டிய கோடவுனுக்கு அது சரி. 90 அடி ரோட்டைப் பார்த்த கடை வாசலில் அசைவு இல்லாத விநாடி எது? மூன்றாவது ஜாலம்தான் மோசம். நாள் அதிகம் வேண்டும் என்று நீங்கள் அடம் பிடித்தால், டிஸ்க்கை மாற்றாமல் மெனுவுக்குள் போய் படத்தின் அளவைக் குறைத்துவிடுவார்கள். நாள் நீளும். படத்தில் மூஞ்சிக்குப் பதில் ஒரு கொழுக்கட்டை தெரியும். "5 மெகாபிக்சல்" என்று டப்பாவில் எழுதியிருப்பதற்கும் டிஸ்க்கில் பதிவதற்கும் சம்பந்தம் இருந்தே ஆக வேண்டும் என்று சட்டம் ஒன்றும் இல்லை.

ஆகவே பேரம் பேசும்போது தலைகீழாகப் பேசுங்கள். முதலில் நாள். பிறகு கல்லாவில் நிற்பவன் முகம் தெரிகிற தரம். பிறகு டிஸ்க். கடைசியில் கேமரா எண்ணிக்கை. நான்கு கேமரா 45 நாள் என்பது எட்டு கேமரா ஆறு நாளைவிட எவ்வளவோ மேல்.

எத்தனை நாள் வேண்டும் என்பதற்கு எங்கள் வங்கித் தொழில் நல்ல பதில் வைத்திருக்கிறது. திருட்டு நடந்த நாள் முக்கியமில்லை, திருட்டு தெரியவரும் நாள்தான் முக்கியம். லாக்கரை எடுத்துக்கொள்ளுங்கள். வருடத்துக்கு இரண்டு தடவை திறப்பவர்களே அதிகம். நகை குறைகிறது என்று அவர்களுக்குத் தெரிய மாதங்கள் ஆகும். அதனால்தான் ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்ட் 18 சுற்றறிக்கையில், லாக்கர் அறைக்குப் போகிற வருகிற பதிவை 180 நாளுக்குக் குறையாமல் வைக்கச் சொன்னது. வாடிக்கையாளர் புகார் கொடுத்தாலோ, வங்கியே திருட்டைக் கண்டாலோ, போலீஸ் விசாரணை முடிந்து பிரச்சினை தீரும்வரை அழிக்கக்கூடாது. பண மதிப்பு நீக்கத்தின்போது இன்னும் கூத்து. 2016 நவம்பர் 8 முதல் டிசம்பர் 30 வரையிலான பதிவை மறு உத்தரவு வரும்வரை வைத்திரு என்றார்கள். 2021 ஜூனில் மறுபடியும் "இன்னும் வைத்திரு" என்று சுற்றறிக்கை. நான்கரை வருடம் கழித்து! கிளைகளில் உறை போட்டுச் சீல் வைத்த டிஸ்க்குகள் பத்திரங்களோடு படுத்துக்கிடந்தன. கேலியாகச் சொல்லவில்லை, அப்படித்தான் செய்ய வேண்டும்.

இதே அளவுகோலை உங்கள் கடைக்கு வையுங்கள். ஸ்டாக் எப்போது எண்ணுகிறீர்கள்? மாதக் கடைசியில் என்றால், ஒன்றாம் தேதி போன பொருள் முப்பதாம் தேதிதான் தெரியும். 30 நாள் பதிவு வைத்தாலும் அது விளிம்பில் நிற்கும். 45 நாள் வேண்டும். தீபாவளிக்குத் தீபாவளி எண்ணுகிறவர்களுக்கு எந்த ரெக்கார்டரும் உதவாது, முதலில் எண்ணுங்கள். போலி யு.பி.ஐ. ஸ்கிரீன்ஷாட் காட்டிச் சாமான் வாங்கிப் போகிறவன், செக் கொடுத்துவிட்டு நான் வரவே இல்லை என்பவன், இவர்கள் விவகாரமெல்லாம் ஒரு வாரத்துக்குள் முடிகிறதா? இன்சூரன்ஸ் இன்னும் தாமதம். களவு பாலிசியில் பெரும்பாலும் பூட்டை உடைத்து நுழைந்ததற்கு அடையாளம் கேட்பார்கள். சர்வேயர் வந்து நிற்கும்போது உங்கள் பெட்டி போன வாரத்தை மறந்திருந்தால் அவர் தலையை ஆட்டிவிட்டுப் போவார், அவ்வளவே.

இப்போது சாமான் விஷயம். டிவிஆர் என்பது பழைய வயர்க் கேமராவுக்கு, என்விஆர் என்பது நெட்வொர்க் கேமராவுக்கு. கடையில் புதிதாகப் போடுவதாக இருந்தால் என்விஆர். ஒரே கேபிளில் மின்சாரமும் படமும் போகிற வகை வாங்கினால் அடாப்டர் தொல்லை கிடையாது. விற்பவர் "8 சேனல், 16 சேனல்" என்று அடுக்குவார். நீங்கள் கேட்க வேண்டியது, உள்ளே எத்தனை டிஸ்க் மாட்டலாம், ஒவ்வொன்றும் எத்தனை டிபி வரை ஏற்கும் என்பது. ஒரே டிஸ்க் மாட்டும் பெட்டியைச் சில ஆயிரம் மிச்சப்படுத்தி வாங்கிவிட்டுப் பிறகு விரிவாக்க வழியில்லாமல் விழிப்பவர்கள் ஏராளம். இரண்டு டிஸ்க் பெட்டி வாங்குங்கள். பல மாடல்களில் இரண்டாவது டிஸ்க்கை 'ரிடண்டன்ட்' என்று வைத்தால் முக்கியமான கேமராக்களின் பதிவு இரண்டிலும் போகும். ஒன்று செத்தாலும் இன்னொன்று பேசும்.

டிஸ்க்கிலும் கோல்மால் உண்டு. கம்ப்யூட்டருக்கான சாதாரண டிஸ்க் வேறு, கண்காணிப்புக்கான டிஸ்க் வேறு. பெயர்பெற்ற ஒரு கம்பெனியின் சாதாரண டிஸ்க், வருடத்துக்கு 2,400 மணி நேரம் ஓடும் கணக்கில் செய்யப்பட்டது. வருடத்துக்கு மொத்தம் 8,760 மணி நேரம். கடை ரெக்கார்டர் தூங்குவதே இல்லை. டபிள்யூ.டி. பர்ப்பிள், சீகேட் ஸ்கைஹாக் என்று இதற்கென்றே 24 மணி நேரமும் எழுதிக்கொண்டிருக்கும் டிஸ்க்குகள் இருக்கின்றன. விலை வித்தியாசம் அதிகமில்லை. லேமிங்டன் ரோட்டில் வாங்குகிறவர்கள் இன்னொன்றும் பாருங்கள். பழைய டிஸ்க்கைத் துடைத்துப் புது ஸ்டிக்கர் ஒட்டி விற்கிற மகானுபாவர்கள் உண்டு. சீரியல் நம்பரைக் கம்பெனி இணையதளத்தில் போட்டு வாரண்டி எந்தத் தேதிவரை என்று கடையிலேயே நின்று பாருங்கள். ரெக்கார்டரில் மாட்டியதும் டிஸ்க் எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்று காட்டும் பக்கம் இருக்கும். புது டிஸ்க்கில் அது பூஜ்யத்தை ஒட்டித்தான் இருக்க வேண்டும்.

பெட்டியை எங்கே வைப்பது? கல்லாவுக்குக் கீழே, மானிட்டருக்குப் பக்கத்தில், சாமி படத்துக்குப் பின்னால். எல்லாக் கடையிலும் இந்த மூன்றில் ஒன்று. திருடனுக்கும் தெரியும். போகும்போது பெட்டியையும் தூக்கிக்கொண்டு போய்விட்டான் என்று பத்திரிகையில் எத்தனை தடவை படிக்கிறோம். பூட்டுகிற இரும்புக் கூண்டு, அதுவும் உயரத்தில். மும்பை மழையில் சயானும் மாட்டுங்காவும் தாராவியும் எந்த அளவு முழுகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஒரு சின்ன யு.பி.எஸ்., ரெக்கார்டருக்கும் சுவிட்சுக்கும் சேர்த்து. இது தவிர கேமராவுக்குள்ளேயே மெமரி கார்டு போடும் வசதி உள்ளதாக வாசலுக்கும் கல்லாவுக்கும் மட்டும் வாங்குங்கள். 128 ஜிபி கார்டில் 2 மெகாபிட் கணக்கில் ஆறு நாளுக்குச் சற்றுக் குறைவாக நிற்கும். பெட்டி போனாலும் கடைசி நாட்கள் கேமரா வயிற்றில் இருக்கும்.

"எல்லாத்தையும் கிளவுடில் போட்டுடலாமே" என்று மகன் சொல்வான். ஐ.டி.யில் இருக்கிறவன் அப்படித்தான் சொல்வான். 4 கேமராவுக்கு ராப்பகலாக 8 மெகாபிட் மேலே ஏற வேண்டும், மாதம் 2.6 டிபி. தாராவிச் சந்துக்குள் வரும் பிராட்பேண்டில் அதை நம்பி உட்கார்வதா? வாசல் கேமராவின் அசைவுப் பதிவை மட்டும் அனுப்பலாம். முழுக்க அதையே நம்பினால், மாதச் சந்தா கட்டாத அன்று உங்கள் ஞாபகம் அடுத்தவன் கையில்.

அடுத்தவன் கை என்றதும் பாஸ்வேர்டு. மாட்டிக்கொடுத்த பையன் வைத்த பாஸ்வேர்டை மாற்றாத கடைகளை எண்ண முடியாது. 2016இல் மிராய் என்ற வைரஸ், கம்பெனி போட்ட பாஸ்வேர்டே இருந்த ரெக்கார்டர்களையும் கேமராக்களையும் லட்சக்கணக்கில் பிடித்துப் படையாக்கி, அக்டோபர் 21 அன்று அமெரிக்காவில் பாதி இணையத்தைப் படுக்க வைத்தது. அது யாருக்கோ நடந்தது என்று விடலாம். 2025 பிப்ரவரியில் ராஜ்கோட்டில் ஒரு பிரசவ ஆஸ்பத்திரிக் கேமராவின் படங்கள் காசுக்கு விற்கப்பட்ட விஷயம் வெளிவந்ததே, அந்தப் பெண்கள் நம் வீட்டுப் பெண்களைப் போன்றவர்கள்தானே? அங்கும் திருகித் திறக்கப் பெரிய வித்தை தேவைப்படவில்லை. 2025 ஏப்ரல் 9 முதல் இந்தியாவில் விற்கும் சிசிடிவி கேமராக்களுக்கு அரசு அங்கீகரித்த சோதனைக்கூடத்தில் பாதுகாப்புச் சோதனை கட்டாயம் ஆகியிருக்கிறது. பில்லில் மாடல் நம்பரை முழுதாக எழுதச் சொல்லி, அந்த மாடலுக்குச் சான்று இருக்கிறதா என்று கேளுங்கள். தேசியக் கொடி ஸ்டிக்கர் சான்று ஆகாது.

இவ்வளவு நேரம் முதலாளி பக்கம் பேசியாகிவிட்டது. எதிர்வாதம் ஒன்று உண்டு, அதை மறைத்துவிட்டுப் போனால் இது மொக்கைப் பதிவாகிவிடும்.

தாராவிப் பட்டறைகளில் கீழே வேலை, மேலே பரணில் படுக்கை. ஊரிலிருந்து வந்த பையன்கள், உ.பி., பீகார் பையன்கள், எல்லாரும் அங்கேதான் சாப்பிட்டு அங்கேதான் தூங்குகிறார்கள். அங்கே 45 நாள் ஞாபகம் உள்ள கேமராவை வைத்தால் அது களவைப் பார்க்கிறதா, பையன் சட்டை மாற்றுவதைப் பார்க்கிறதா? நியாயமான கேள்வி. என் பதில் கறாரானது. கல்லா, வாசல், சரக்கு அறை, லோடு ஏற்றும் இடம். அதோடு நிறுத்துங்கள். படுக்கிற இடத்தையும் குளிக்கிற இடத்தையும் பார்த்துக் கேமரா வைக்கிறவருக்குப் பாதுகாப்பு என்ற வார்த்தையைச் சொல்ல வாய் கூடாது. ஆடியோவும் கடைக்குத் தேவையில்லை. காவல் நிலையத்துக்குத்தான் தேவை.

ஆனால் நாள் குறைவாக இருப்பது தொழிலாளிக்கு நல்லது என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டேன். நான் பார்த்த ஒரு பட்டறை. பெயர் வேண்டாம். 40,000 ரூபாய்ச் சரக்கு குறைகிறது என்று பாபநாசம் பக்கத்துப் பையன் ஒருவன் மேல் பழி. பையன் அழுதுகொண்டே சொன்னது ஒன்றுதான்: "கேமரா பாருங்க மொதலாளி, நான் அன்னைக்கு மேல ஏறவே இல்ல." கேமரா இருந்தது. பதிவு இல்லை. பெட்டி ஆறு நாளில் மறந்துவிடும், சரக்கு குறைந்தது தெரிய பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது. சம்பளத்தில் பாதியைப் பிடித்துக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். இரண்டு மாதம் கழித்து ஸ்டாக் சரிபார்க்கப் போன எனக்கு அந்தச் சரக்கு ஒரு டெலிவரி சலானில் கிடைத்தது. அனுப்பிய மாலைப் புத்தகத்தில் ஏற்றவில்லை, அவ்வளவுதான். பையன் அதற்குள் ஊருக்குப் போய்விட்டான். முதலாளி போன் போட்டாரா என்று கேட்டேன். "நம்பர் மாத்திட்டான் போல" என்றார்.

அதனால்தான் சொல்கிறேன், இது முதலாளி சொத்து மட்டும் இல்லை. குற்றம் சாட்டுகிற அன்றைக்கே அந்த நாள் பதிவைத் தனியே நகல் எடுத்து, குற்றம் சாட்டப்பட்டவன் முன்னாலேயே ஓட்டிக் காட்ட வேண்டும். சங்கங்களில் பேசுகிறவர்கள் பொன்னாடைக்கு நடுவில் இதையும் ஒரு தீர்மானமாகப் போடலாம். போட மாட்டார்கள். கேமரா வழங்கும் விழா என்றால் போட்டோ வரும், ஹார்ட் டிஸ்க் வழங்கும் விழாவுக்கு எந்தப் பத்திரிகை வரும்?

நகல் எடுப்பதிலும் சட்டம் இருக்கிறது. மானிட்டரை மொபைலில் வீடியோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு, ஆதாரம் கொடுத்தாச்சு என்று உட்காராதீர்கள். 2020 ஜூலையில் அர்ஜுன் பண்டித்ராவ் கோத்கர் வழக்கில் உச்ச நீதிமன்றம், மின்னணுப் பதிவின் நகலுக்கு 65பி சான்றிதழ் கட்டாயம், அசல் கருவியையே அதன் சொந்தக்காரர் கோர்ட்டுக்குக் கொண்டுவந்து சாட்சி சொன்னால்தான் தேவையில்லை என்று சொன்னது. 2024 ஜூலை 1 முதல் அந்த இடத்தில் பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 63ஆம் பிரிவு. சான்றிதழ் இரண்டு பகுதி, ஒன்று நீங்கள் கொடுப்பது, இன்னொன்று நிபுணர் கொடுப்பது. அதில் கோப்பின் ஹேஷ் எண் எழுத வேண்டும். ஹேஷ் என்பது கோப்பின் கைரேகை மாதிரி. ஒரு விநாடி வெட்டினாலும் எண் மாறிவிடும். ஆகவே ரெக்கார்டரிலிருந்து பென் டிரைவில் முறையாக ஏற்றுமதி செய்து, அன்றே ஹேஷ் எடுத்து, தேதி போட்டு எழுதி வையுங்கள். போலீஸ் பெட்டியையே கேட்டால் பஞ்சநாமாவில் டிஸ்க்கின் சீரியல் நம்பர் ஏறியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். ரெக்கார்டர் கடிகாரம் சரியாக இருக்க வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இருபது நிமிடம் தப்பாக ஓடும் கடிகாரத்தை வைத்து எதிர்க்கட்சி வக்கீல் உங்களைப் பொய்யராக்கிவிடுவார். இணைய நேரத்தோடு தானாகச் சரிசெய்துகொள்ளும் வசதி மெனுவிலேயே இருக்கிறது, யாரும் தட்டுவதில்லை.

மெனு என்றதும் ஞாபகம் வருகிறது. 'ஓவர்ரைட்' என்பது டிஸ்க் நிரம்பிய பிறகு பழையதின் மேல் எழுதுவது, அது இருக்க வேண்டும். 'இத்தனை நாளில் அழி' என்று இன்னொன்று இருக்கும், சில பெட்டிகளில் கேமரா வாரியாக. சாத்தான்குளம் நிலையத்துப் பெட்டியை ஊமையாக்கியது இந்த மாதிரி ஒரு செட்டிங்தான். உங்கள் பெட்டியில் அது என்ன எண் காட்டுகிறது என்று பாருங்கள். பார்த்துவிட்டு அப்படியே பிளேபேக்குக்குப் போய், முப்பது நாள் முந்தைய ஒரு தேதியைத் தட்டுங்கள். சாயங்காலம் ஏழு மணி, கல்லாக் கேமரா. படம் வருகிறதா அண்ணாச்சி?